பவுனம்மாளுக்கு நான் வைத்த பத்தியம்

என் மனைவி பவுனம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவளுக்கு என்ன வியாதி என்று கேளுங்கள், சொல்லிவிடுவேன். காக்காய் வலிப்பு. எது அவளைக் குணமாக்கியது, எது அவளைக் கெடுத்தது என்று கேட்டால்தான் தலை சுற்றுகிறது. ஒன்பது வருஷமாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை. நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் பிட்டர், பெயர் நாகையா. ஒரு எஞ்சின் ஓடாமல் நின்றால் எங்கே கோளாறு என்று கழற்றிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். பெண்டாட்டியை அப்படிக் கழற்றிப் பார்க்க முடியாதே.

பவுனம்மாள் கிள்ளானில் பிறந்தவள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கப்பல் கூலிகளுக்கு நடுவில் வளர்ந்தவள் என்பதால் வாய் கொஞ்சம் ஜாஸ்தி. யாரைப் பார்த்தாலும் இரண்டு நிமிஷத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்த ஆளின் சொந்தப் பெயர் நமக்கே மறந்துவிடும். எங்கள் போர்மேனுக்கு ‘பாய்லர்’ என்று பெயர். பக்கத்து வீட்டு ரம்லத்தின் புருஷன் ஜவுளி மூட்டையை சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர். அவர் ‘நடமாடும் மெத்தை’. எனக்கு ‘கடுகு’. சட்டி காய்வதற்கு முன்பே வெடிக்கிறவனாம். கல்யாணமான மூன்றாம் நாளே இந்தப் பெயரை வைத்தாள். நான் கத்தினேன். “பாத்தீங்களா, வெடிக்குது” என்று சிரித்தாள்.

காலையில் கொண்டைக்கடலை அவித்து, பெரிய தட்டில் கொட்டி, ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து விற்பாள். கச்சாங், கச்சாங் என்று மலாய்ப் பேச்சில் கடலை கேட்டு எல்லா ஜனமும் வாங்கும். கடலையைவிட அவள் பேச்சுக்குத்தான் கூட்டம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதில் எனக்குக் கோபமும் உண்டு, பெருமையும் உண்டு.

1928-இல் தைப்பூசம் முடிந்த வாரம் அந்த வாசலில்தான் முதல் வலிப்பு வந்தது. போர்ட்டர் ஒருவன் நான் வேலை செய்யும் லோக்கோ ஷெட்டுக்கு ஓடிவந்து, “அண்ணே, அண்ணி விழுந்து கெடக்காங்க” என்றான். கையிலிருந்த ஸ்பேனரோடு ஓடினேன். கடலை தரையெல்லாம் இறைந்து கிடந்தது. அவள் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே குரலில் “இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க” என்று கத்தினார்கள். யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள். நான் ஸ்பேனரையே அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது.

ஸ்பேனர்தான் நிறுத்தியது என்று நம்பினேன். பிறகு ஒரு மாதம் எங்கே போனாலும் இடுப்பில் ஸ்பேனர். ஆனால் வலிப்பு வாரத்துக்கு இரண்டு தடவை வந்தது, ஸ்பேனர் கையில் இருந்தாலும் தன் இஷ்டம்போல் இழுத்துவிட்டுத்தான் போனது. ஒருநாள் தெளிந்து எழுந்தவள் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துவிட்டு, “என்னைய டைட் பண்ணப் போறீங்களா?” என்று கேட்டாள். அதோடு ஸ்பேனர் வைத்தியத்தை நிறுத்தினேன்.

பாசார் சந்தைப் பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரி இருந்தது. அங்கே மருந்து கலக்கிக் கொடுக்கும் டிரெசர் விஜயன், வெள்ளைக் கோட்டு போட்டவர், நல்ல மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கலங்கலில்லாத ஒரு தண்ணி மருந்தை பாட்டிலில் ஊற்றினார். பாட்டிலின் பக்கத்தில் ஒரு காகிதப் பட்டையை வெட்டி ஒட்டினார். பட்டையில் படிப்படியாகக் கோடு. ஒரு வேளைக்கு ஒரு கோடு இறங்க வேண்டும், நாளைக்கு மூன்று வேளை. மருந்தின் பெயர் புரோமைடு என்றார்.

“பத்தியம் என்னங்க டிரெசரய்யா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “இங்கிலீஷ் மருந்துக்கு பத்தியமெல்லாம் கெடையாது நாகையா. எப்பவும்போல சாப்பிடச் சொல்லுங்க.”

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பத்தியம் இல்லாத மருந்தை நான் பார்த்ததே இல்லை. எங்கள் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது வைத்தியர் கொடுத்தது ஒரு பிடி கீழாநெல்லி, ஆனால் பத்தியத்தை மட்டும் ஒரு மணி நேரம் சொன்னார். உப்பு கூடாது, புளி கூடாது, மிளகாய் கூடாது, எண்ணெய் கூடாது. அப்பா பிழைத்தார். மருந்து கொடுக்கிறவர் பத்தியம் சொல்லவில்லை என்றால் அவருக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். வெள்ளைக்காரன் எழுதிய புத்தகத்தில் புளியைப் பற்றி என்ன இருக்கப்போகிறது? அதனால் பத்தியத்தை நானே வைப்பது என்று முடிவு செய்தேன். டிரெசரிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் சிரிப்பார்.

மருந்து தொடங்கிய பிறகு வலிப்பு மாதத்துக்கு இரண்டாகக் குறைந்தது. ஆனால் அதில் ஒன்று அடுப்படியில் வந்தது. சேலைத் தலைப்பு தீயில் பொசுங்கிவிட்டது. ரம்லத் ஓடிவந்து தண்ணீர் ஊற்றியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. அன்றோடு பவுனம்மாளின் கடலை வியாபாரத்துக்கும் சமையலுக்கும் முற்றுப்புள்ளி வைத்தேன். கரண்டி என் கைக்கு வந்தது. சித்திரை பிறந்ததும் பத்தியம் தொடங்கியது.

என் சமையலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. குழைந்த சோறு, வேகவைத்த பூசணிக்காய், பருப்புத் தண்ணி. எதிலும் உப்பில்லை. பவுனம்மாள் முதல் வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது சோறா, நனைச்ச துணியா?”

“பத்தியம். பேசாம சாப்பிடு.”

“எத்தன நாளைக்கு?”

“ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள்.”

அவள் சாப்பிட்டாள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நான் அடுப்புப் பக்கம் போனதே இல்லை. நான் கை சுட்டுக்கொண்டு வடித்த சோற்றை அவள் ஒருநாளும் மீதி வைக்கவில்லை. நானோ மத்தியானம் ஷெட்டுக்கு எதிரில் மூசா கடையில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

பத்து நாள் போனது. பதினைந்து, இருபது. வலிப்பு வரவில்லை! மாதத்துக்கு இரண்டு என்றிருந்தது, ஒன்றுகூட இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. லோக்கோ ஷெட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். “மருந்து பாதிதான், பத்தியம்தான் மீதி” என்று பெரிய வைத்தியர்போல் பேசினேன். டிரெசர் விஜயன் தன் மருந்துதான் என்று நினைத்து சந்தோஷப்பட்டார். நினைத்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். மண்டலம் முடிந்த பிறகும் நிறுத்த மனசு வரவில்லை. நன்றாக ஓடும் எஞ்சினில் யாராவது கை வைப்பார்களா?

ஆனால் நாலாவது வாரத்திலேயே பவுனம்மாள் மாற ஆரம்பித்திருந்தாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். முகத்தில் பரு கிளம்பியது. பேச்சு இழுத்து இழுத்து வந்தது. நடந்தால் கள் குடித்தவள்போல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மருந்து குணமாக்கும்போது உடம்பு அசதியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சத்தமில்லை. நான் வந்தால் கேலியில்லை, எதிர்ப்பேச்சில்லை. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

அந்த அமைதி நீடிக்கவில்லை. ஒருநாள் போர்மேன் பார்க்க வந்தார். பவுனம்மாள் அவரைக் கும்பிட்டுவிட்டு, “ஐயா யாரு?” என்று என்னிடம் கேட்டாள். பாய்லர் என்று பெயர் வைத்தவளே அவள்தான். மறுநாள் துவைத்த சேலையை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். அதற்கு மறுநாள் என்னைப் பார்த்து, “மூட்டைய அந்தப் பக்கம் எறக்குங்கப்பா, கப்பல் பொறப்பட்டுரும்” என்றாள். அவள் அப்பா இறந்து ஏழு வருஷம். நான் நாகையா என்றேன். மறுபடியும் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்துவிட்டு, “நாகையா வேலைக்குப் போயிருக்காரு” என்று என்னிடமே சொன்னாள்.

டிரெசரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கும் குழப்பம். வலிப்பு நின்றுவிட்டது, ஆனால் புத்தி தடுமாறுகிறது. சிலருக்கு வியாதி மூளைக்குள் இறங்கிவிடும் என்றார். மனசு அடங்கட்டும் என்று மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். அவள் இன்னும் மோசமானாள். அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் எழுதி அனுப்பினார். சிவந்த முகம், நீள மீசை வைத்த வெள்ளைக்காரர். அவளிடம் இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று ஆள் வைத்துக் கேட்டார். அவள் கிள்ளான் என்றாள். டாக்டர் ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தார். இரண்டு வாரம் பார்ப்போம், தெளியவில்லை என்றால் தஞ்சோங் ரம்புத்தான் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அடுத்த வியாழக்கிழமைக்கு மறு வியாழக்கிழமை வந்து கையெழுத்துப் போடு என்றார்.

அந்தக் காகிதத்தை நான் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். அது இருக்கும் பக்கமே திரும்பவில்லை. அங்கே போனவர்களைப் பற்றி எங்கள் குவார்ட்டர்ஸில் யாரும் பேசுவதில்லை, அவர்கள் வீட்டுக்காரர்கள்கூடப் பேசுவதில்லை. நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். பத்தியத்தை இன்னும் இறுக்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் பவுனம்மாளுக்கென்று ரம்லத் கொண்டுவந்த கருவாட்டுத் துண்டை அவள் கையிலிருந்து பிடுங்கினேன்.

“உப்பு உறைப்பு இல்லாம மனுசன் எப்படிண்ணே இருப்பான்?” என்றாள் ரம்லத். “அக்கா ஆசையாப் பாக்குது. ஒரே ஒரு துண்டுதானே.”

“என் பொண்டாட்டிக்கு மருந்து குடுக்கிறது நான். ஒனக்கு என்ன தெரியும்?” என்று கத்தினேன். அவள் முகம் சுருங்கிப் போய்விட்டது. அவள் தீயை அணைத்ததை அந்த நேரத்தில் நான் நினைக்கவே இல்லை. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, வேலை விட்டு வந்ததும் ரம்லத் வாசலில் நின்றாள். வீட்டுக்குள் வரவில்லை.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. அக்கா மருந்து பாட்டில அடிக்கடி எடுத்து வாயில வச்சுக்குது. இன்னிக்கு மட்டும் நாலு தடவை பாத்தேன்.”

உள்ளே போய் பாட்டிலைப் பார்த்தேன். சனிக்கிழமை வரை வர வேண்டிய மருந்து அடியில் இரண்டு கோடுதான் இருந்தது. பவுனம்மாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். “எதுக்கு இப்படிக் குடிக்கிற?” என்று கேட்டேன். திருடி மாட்டிக்கொண்டவள்போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உப்பா இருக்குங்க” என்றாள்.

ஒரு சொட்டைக் கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். ஆமாம், உப்பு. கரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, டிரெசர்மேல். நான் ஐம்பத்தாறு நாளாக ஒரு கல் உப்பு படாமல் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன், இந்த மனுஷர் மருந்திலேயே உப்பைக் கலந்து பத்தியத்தைக் கெடுத்துவிட்டாரே! அதனால்தான் புத்தி தடுமாறியிருக்கிறது. இப்போதுதான் விஷயம் விளங்கியது என்று நினைத்தேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“ஒங்க மருந்து என் பத்தியத்தக் கெடுத்துருச்சு!” என்று டிஸ்பென்சரி வாசலிலிருந்தே கத்தினேன். உட்கார்ந்திருந்த ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

விஜயன் எழுந்து வந்தார். “என்ன பத்தியம்?”

“உப்பில்லாப் பத்தியம். ஐம்பத்தாறு நாள். நீங்க சொல்லாத பத்தியத்த நான் வச்சேன். ஒங்க மருந்து உப்புக் கரிக்குது. கரிக்கிற மருந்தக் குடுத்தா பத்தியம் என்னத்துக்கு ஆகும்?”

அவர் முகத்தில் நிறம் மாறியது. “ஐம்பத்தாறு நாளா?” என்று மெதுவாகக் கேட்டார். “சோத்துல, கொழம்புல, எதுலயும் போடலியா?” உள்ளே போய் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார். எனக்கோ சண்டை அடங்கவில்லை. அவர் விரலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“நாகையா, இது கரிக்குதுன்னாலும் சோத்து உப்பு இல்ல. ஒடம்புல சோத்து உப்பு இருந்தாத்தான் இந்த மருந்து சிறுநீர்ல வெளிய போகும். உப்பு இல்லைன்னா போகாது. உள்ளேயே தங்கித் தங்கி நஞ்சாயிரும்.”

“மருந்து உள்ள தங்கினா நல்லதுதானேங்க?”

“கொஞ்சம் தங்கினா நல்லது. அதனாலதான் வலிப்பு நின்னுச்சு. ரொம்பத் தங்கிருச்சு. போதாக்குறைக்கு நானும் கூட்டிக் குடுத்தேன். உப்புக்கு ஏங்கி அவங்களும் குடிச்சிருக்காங்க.” அவர் உட்கார்ந்துவிட்டார். “நீங்க அன்னிக்கு பத்தியம் கேட்டப்போ நான் சிரிச்சிருக்கக் கூடாது.”

அப்படியென்றால் என் பத்தியம் வேலை செய்ததா, கெடுத்ததா? வலிப்பை நிறுத்தியது நானா? புத்தியைக் கெடுத்தது நானா? இரண்டும் நான்தான் என்றார் விஜயன். அவர் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் என் கையால் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஊட்டாத குறையாகக் கொடுத்தது அவள் புத்தியைத் தின்றிருக்கிறது.

அன்றைக்கே அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புரோமைடை நிறுத்தினார்கள். தண்ணீரிலும் கஞ்சியிலும் உப்பு போட்டு வேளை தவறாமல் கொடுக்கச் சொன்னார் டாக்டர். முதல் கிண்ணம் கஞ்சியை நான்தான் கொடுத்தேன். ஒரு வாய் உள்ளே போனதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

உடனே தெளிந்துவிட்டாள் என்று சொன்னால் பொய். புதன்கிழமையும் என்னை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். வியாழக்கிழமை டாக்டர் காகிதத்தைக் கேட்டார். நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னும் பத்து நாள் என்று விரலைக் காட்டினார். அந்தப் பத்து நாளும் நான் எண்ணியது அவள் பேசிய வார்த்தைகளைத்தான். ஒருநாள் ஊர் பெயரைச் சரியாகச் சொன்னாள். மறுநாள் தவறாகச் சொன்னாள். சுவரைப் பிடிக்காமல் நடந்தாள், பிறகு விழுந்தாள். எதை நம்புவது என்று தெரியாமல் அலைந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து, அவள் கண்ணை விரித்துப் பார்த்தார். பவுனம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

“யாருங்க இந்த அவிச்ச நண்டு?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்டார். தாங்ஸ் சொல்கிறாள் என்றேன். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். அந்தக் காகிதத்தை அன்று அவரே வாங்கிக் கிழித்தார்.

பிறகு லூமினல் என்ற புது மாத்திரை கொடுத்தார்கள். வெள்ளையாக, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக இருந்தது. நாளைக்கு ஒன்று. இதற்கு என்ன பத்தியம் என்று முதல் கேள்வியாகக் கேட்டேன். ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பிடலாம், உப்பும் சாப்பிடலாம், ஆனால் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது என்றார்கள். இவ்வளவு சின்னது எப்படி வேலை செய்யும் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன். ரம்லத் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பைக் கையில் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழாயடியில் வலிப்பு வந்தது. நானும் ரம்லத்தும் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். என் கையில் எதுவும் இல்லை, செய்யவும் எதுவும் இல்லை. இழுத்து முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை பாடும் வீண்தானா என்று மனசு ஒடிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். நனைந்த சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“வந்துருச்சா?”

“வந்துருச்சு.”

“ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?”

என் வாய் சும்மா இருக்கவில்லை. “பத்தியம் இருந்தப்போ ஐம்பத்தாறு நாளா ஒரு தடவகூட வரல பவுனு. எவ்வளவு நல்லா இருந்துச்சு” என்றேன்.

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள்போல் என் முகத்தையே பார்த்தாள்.

“அந்த நாளெல்லாம் நான் எங்க இருந்தேன்னு எனக்கே தெரியல. நீங்க யாரோட குடித்தனம் பண்ணீங்க?”

ரம்லத் குடத்தை எடுத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். பவுனம்மாள் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழாயடியில் நாலு பேர் பார்க்க, விசும்பி அழுதேன்.